வெள்ளெழுத்து

அட்டையில் பெயரைப் படித்ததும்
கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.
பெலார்மினோ ஒயார்சோ. வயது எழுபத்தைந்து.
ஓய்வுபெற்ற காவலர்.
குறை: கிட்டத்தில் எழுத்து கலங்குகிறது.

ஒசோர்னோவில் ஜூன் மழை,
மூன்று நாளாக.
குடையை வெளியில் உதறிச் சாத்திவிட்டு
மிதியடியில் இரண்டு தடவை கால் துடைத்து
உள்ளே வந்தார்.
அவர் என்றுதான் எழுதுகிறேன்.
அவன் என்று எழுதிப் பார்த்தேன்;
அதற்கப்புறம்
"தாடையைத் தாங்கியில் வையுங்கள்" என்று
சொல்ல வாய் வரவில்லை.

வைத்தார்.
ஒரு சாண் தூரம்.
எங்கள் வீட்டில் யாரும்
இந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை,
நொல்பெர்த்தோவைத் தவிர.

விளக்கின் கீற்றை நகர்த்தினேன்.
பழுப்பு விழி. ஓரத்தில் வெளிறிய வளையம்.
படலம் இன்னும் கட்டவில்லை.
பாவைக்குள் கடுகளவு நான்,
வெள்ளைக் கோட்டோடு.
வேறு யாரும் இல்லை.
தேடினேன்.

தூரத்து எழுத்துகளை வாசிக்கச் சொன்னேன்.
கடைசி வரி வரை வாசித்தார்,
அதற்கும் கீழே அச்சகத்தின் பெயரையும்.
இந்த வயதில் இப்படியொரு தூரப் பார்வையா
என்று சொல்லிவிட்டேன், தொழில் பழக்கம்.
"ஓடுகிற முயல்கூடத் தப்பாது" என்று சிரித்தார்.

வாக்குமூலம், பதினேழாம் பக்கம்:
அன்று இருட்டு. ஆற்றில் மூடுபனி.
பாலத்தில் நின்றவர்கள் யார், எத்தனை பேர்,
எனக்குத் தெரியவில்லை.
நீதிபதி ஒப்புக்கொண்டார்.
இருட்டைக் கூண்டில் ஏற்றி
யார் குறுக்கு விசாரணை செய்வது?

சோதனைச் சட்டத்தை மூக்கில் பொருத்தினேன்.
இதுவா, இதுவா?
முதலாவது.
இப்போது?
இரண்டும் ஒன்றுதான்.
நாற்பத்தோரு வருடம் கேட்க வைத்திருந்ததெல்லாம்
இந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.
இதுவா, இதுவா.

கிட்டத்து அட்டையைக் கையில் கொடுத்தேன்.
ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்வது பற்றி ஒரு பத்தி.
பாதி வாக்கியத்தில் அட்டை இறங்கியது.
பார்வை என் கோட்டில், பெயர்ப்பட்டையில்.
"ஓஹெடா" என்று வாசித்தார்,
வாய்விட்டு,
அதுவும் பரிசோதனையில் சேர்த்தி என்பது போல.

மழை கேட்டது.
கண்ணாடிக்குள் கண்கள் மாட்டுக்கண் அளவுக்குப் பெருத்திருந்தன.
"ஒரு காலில்தான் பூட்ஸ்" என்றார்.
"மற்றதில் காலுறை மட்டும்."

மற்றதை ஒளித்தவள் நான்.
பதினொரு வயது.
கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றவன்
கிளம்புகிறானே என்ற கோபம்.
விறகுப் பெட்டிக்கு அடியில் திணித்துவிட்டு
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
தேடினான்,
என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடி,
பத்து நிமிடம்.
கரையில் படகு அவனுக்காகக் காத்திருந்த
பத்து நிமிடம்.
பிறகு ஜன்னலில் லாரி வெளிச்சம்.
அம்மாவிடம் சொன்னதில்லை. பாதிரியாரிடம் சொன்னதில்லை.
வழக்கின் எந்தத் தாளிலும்
அந்தப் பூட்ஸ் இல்லை.

ஆக,
கண் தெரிந்திருக்கிறது.
காலுறை வரைக்கும்.

கத்தியிருக்கலாம். வக்கீலை அழைத்திருக்கலாம்.
மேஜையில் கனமான பொருள்கள் இருந்தன.
"என்ன நிறம்?" என்று கேட்டேன்,
வில்லை மாற்றும்போது கேட்கும் அதே குரலில்.
"பச்சை."
யோசிக்கவே இல்லை.

பச்சைதான்.

சீட்டில் எழுதினேன்:
இரு கண்ணுக்கும் கூட்டல் இரண்டரை.
சரியான எண்.
வெள்ளிக்கிழமை தயாராகும் என்றேன்.
தலையசைத்தாரா, குனிந்தாரா, தெரியவில்லை.
குடையை மறந்துவிட்டு
மழையில் இறங்கிப் போனார்.

இன்று வியாழன்.
கண்ணாடி வந்துவிட்டது.
துடைத்து உறையில் போடும் முன்
போட்டுப் பார்த்தேன்.
எனக்கும் ஏறக்குறைய
அதே எண்.